மீன்காட்சிச் சாலையும் நெய்யாற்றின்கரைக் கடலும்

கடலைக் கரையில் நின்று காண்போர் பலர். கடலுக்குள் சென்று காண்போர் சிலர். கடலையே கரைக்குக் கொணர்ந்து, கண்ணாடிச் சுவருக்குள் நிறுத்திப் பிறருக்குக் காட்ட முனைந்தோர் மிகச் சிலர். அம்மிகச் சிலரது முயற்சியால் உருவானதே இன்று உலகின் பெருநகரங்கள் தோறும் நாம் காணும் மீன்காட்சிச் சாலை. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, சீட்டு வாங்கி உள்ளே செல்லும் நம் குடும்பங்கள், இருண்ட கூடத்தில் ஒளிரும் தொட்டிகளைக் கண்டு வியந்து, ஓரிரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகின்றன. அத்தொட்டிகளுக்குப் பின்னால் நிகழ்வது யாது, அந்நீர் எங்கிருந்து வந்தது, அம்மீனை உயிரோடு கரை சேர்த்த கைகள் யாருடையவை என்று கேட்போர் அரியர்.

இவ்வினாக்களுக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாறசாலைக்கு மேற்கே, பழைய திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடற்கரையில், விழிஞம் என்னும் பழம்பெரும் துறைமுக ஊர் உள்ளது. அங்கே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு மையம் அமைந்தது. அதனைச் சார்ந்து பொதுமக்களுக்கெனச் 'சாகரிகா' என்னும் மீன்காட்சிச் சாலையும் உருவாயிற்று. தமிழும் மலையாளமும் கைகோத்து நடக்கும் இவ்வெல்லைச் சிற்றூர்களை நடுவாக வைத்துக்கொண்டு, மீன்காட்சிச் சாலை என்னும் ஏற்பாட்டின் வரலாற்றையும், அதன் திரைக்குப் பின்னுள்ள உழைப்பையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

விழிஞத்தின் தொன்மை

விழிஞம் நேற்றுத் தோன்றிய ஊர் அன்று. ஆய் மன்னர்களின் தலைமைத் துறைமுகமாக அது விளங்கிற்று. எட்டாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் குடைவரைக் கோயிலொன்று இன்றும் அங்கு உள்ளது. அதன் முகப்பில் முற்றுப்பெறாத சிவன் சிற்பங்கள் காணப்படுகின்றன. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் விழிஞத்துக் கோட்டையை அழித்த செய்தியைப் பாண்டியர் செப்பேடு கூறும். கடலே அவ்வூருக்கு அகழியாய் இருந்தது எனச் சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும். வலிமை மிக்க இரு பேரரசுகள் மாறி மாறிப் படையெடுத்த ஓர் ஊரில் பெருஞ்செல்வம் இருந்திருக்க வேண்டும். அச்செல்வம் கடல் தந்தது என்பதில் ஐயமில்லை.

அதே ஆய் மரபைச் சேர்ந்த கருநந்தடக்கன், கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு திருமால் கோயிலையும், 95 சட்டர்கள் தங்கிப் பயிலும் சாலை ஒன்றையும் நிறுவினான். பார்த்திவசேகரபுரம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. விழிஞமோ கேரளத்தில் உள்ளது. ஒரே அரசின் கல்விச்சாலை ஒரு மாநிலத்திலும் துறைமுகம் மறு மாநிலத்திலும் அமைந்துவிட்ட இந்நிலை, இவ்வெல்லைப் பகுதியின் வரலாற்றை ஒரு வரியில் உணர்த்திவிடுகிறது.

அவ்வெல்லை வரையப்பட்ட நாள் 1956 நவம்பர் 1. அதற்கு முன் மார்சல் நேசமணி முதலியோர் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டத்தையும், 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தோரையும் நம் மூத்தோர் மறந்திலர். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கோரப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலை அயல் மாநிலமாயிற்று. ஒரே குடும்பத்தின் அண்ணன் தமிழ்ப் பள்ளியிலும் தம்பி மலையாளப் பள்ளியிலும் பிள்ளைகளைச் சேர்த்தனர்.

நிலத்தில் கல் நட்டு எல்லை காட்டலாம். ஆற்றுநீருக்கும் மதகு வைத்து எல்லை வகுக்கலாம். நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நீர் 2004இல் நின்றுபோனதை அவ்வட்டத்து உழவர் நன்கறிவர். கடலோ எவருடைய மதகுக்கும் அடங்குவதில்லை. கேரளத்துப் பொழியூரும் தமிழகத்து நீரோடியும் மணற்பரப்பில் அடுத்தடுத்து உள்ளன. அக்கரையில் வலை வீசுபவன் பிடிக்கும் சாளையும் இக்கரையில் வலை வீசுபவன் பிடிக்கும் சாளையும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே இக்கடலின் வரலாற்றை இரண்டாகப் பிரித்து எழுதுதல் இயலாது.

காட்சிச் சாலையின் பிறப்பு

மீனைத் தொட்டியில் வளர்த்துப் பார்க்கும் வழக்கம் பழையது. கோயில் குளங்களிலும் அரண்மனை வாவிகளிலும் நம் முன்னோர் மீன் வளர்த்தனர். பொரி இட்டு மகிழ்ந்தனர். ஆயினும் மேலிருந்து நோக்கினால் மீனின் முதுகு மட்டுமே தெரியும். பக்கவாட்டில் நின்று, மீனோடு மீனாய், அதன் உலகை நோக்கும் வாய்ப்பைத் தந்தது கண்ணாடி. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் திறக்கப்பட்ட மீன் கூடமே பொதுமக்களுக்கென அமைந்த முதல் மீன்காட்சிச் சாலை எனப் போற்றப்படுகிறது. அம்முயற்சியில் பங்குகொண்ட பிலிப் என்றி காசு என்னும் இயற்கையியல் அறிஞர், அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலின் வாயிலாக 'அக்குவேரியம்' என்னும் சொல்லை மக்களிடையே பரப்பினார்.

மீனைத் தொட்டியில் இடுதல் எளிது; இட்ட மீன் இறவாமல் காத்தலே அரிது. தொடக்க காலத் தொட்டிகளில் நீர் விரைவில் கலங்கி நாற்றமெடுத்தது. மீன்கள் நாள்தோறும் செத்து மிதந்தன. இவ்விடரைத் தீர்த்தவர் வில்லியம் ஆல்போர்டு இலாயிடு என்பவர். காட்சித் தொட்டிகளின் கீழே, ஒளி புகாத பெரிய நிலவறைத் தொட்டி ஒன்றை அமைத்து, காட்சித் தொட்டிகளில் உள்ள நீரைக் காட்டிலும் பன்மடங்கு நீரை அங்கே தேக்கி, இடையறாது சுழலச் செய்தல் வேண்டும் என அவர் கண்டார். இம்முறையில் 1864இல் ஆம்பர்க்கிலும், 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் காட்சிச் சாலைகள் எழுந்தன. 1874இல் இத்தாலியின் நேப்பிள்சு நகரில் திறக்கப்பட்ட காட்சிச் சாலையும் அவரது அறிவுரையைப் பெற்றதே. மக்கள் பார்க்கும் நீர் சிறிது. அதனைத் தாங்கி நிற்கும் மறைவான நீர் பெரிது. இவ்வுண்மையை நாம் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

சென்னையும் திருவிதாங்கூரும்

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியது சென்னையே. 1909இல் மெரினாக் கடற்கரையில் கடல்மீன் காட்சிச் சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதனை உருவாக்கியவர் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராய் இருந்த எட்கர் தர்சுடன். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி அவர் அரங்காச்சாரியாரின் துணையோடு தொகுத்த ஏழு தொகுதிகள் வெளிவந்ததும் அதே 1909ஆம் ஆண்டில்தான். மக்களை அளந்து ஏட்டில் அடைத்த அதே அறிஞர் மீன்களைக் கண்ணாடியில் அடைத்தார் என்பது சிந்திக்கத்தக்க ஒற்றுமை. அத்தொகுதிகளில் மீனவக் குடிகளைப் பற்றிய குறிப்புகள் உண்டு. காட்சிச் சாலையில் மீன்கள் இருந்தன. ஆனால் அம்மீனவர் அம்மீன்களைப் பற்றி அறிந்திருந்தவை இரண்டிலும் உரிய இடம் பெறவில்லை.

பின்னர்ச் சென்னைக் காட்சிச் சாலை மீன்வளத் துறையின் பொறுப்பில் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. பழைய பெருமையோடு மீண்டும் எழவில்லை. தொட்டியையும் கட்டடத்தையும் போர் ஒருபுறம் சிதைத்ததெனின், ஆண்டுக்கணக்கில் அங்கே பணியாற்றியோரின் கைப்பழக்கம் சிதறிப்போனது அதனினும் பெரிய இழப்பாகும். கட்டடத்தைப் பணம் கொடுத்து மீண்டும் கட்டலாம். கைப்பழக்கத்தை அவ்வாறு வாங்க இயலாது.

அதற்குப் பின் மும்பையில் 1951ஆம் ஆண்டு தாராப்பூர்வாலா மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. நம் மக்கள் பெருந்தொகையாய் வாழும் சிங்கப்பூரில் 1955இல் வான் கிளீபு மீன்காட்சிச் சாலை எழுந்து, நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகளின் விருப்பிடமாய் விளங்கிப் பின்னர் மறைந்தது. திருவிதாங்கூரில் 1937இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் கடல் உயிரியல் ஆய்வுக்கு இடமளித்தது. திருவனந்தபுரம் கடற்கரை அவ்வாய்வுக்குக் களமாயிற்று. 1947இல் சென்னையில் தொடங்கப்பெற்று மண்டபத்துக்கும், பின்னர்க் கொச்சிக்கும் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞத்திலும் கால் ஊன்றியது. 1970களின் தொடக்கத்தில் விழிஞம் குடாவில் மிதவைகளிலிருந்து கயிறு தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கும் ஆய்வுகள் நடந்தன. 1990களின் இறுதியில் கடல் அலங்கார மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முயற்சிகள் வெற்றி கண்டன. காட்சிச் சாலை இவ்வாய்வுகளின் முன்வாசல், ஆய்வுக்கூடமே உள்வீடு.

திரைக்குப் பின்

இனி, மீன்காட்சிச் சாலைகளின் உள்வீட்டில் நடப்பவற்றைக் காண்போம். அங்கே மீனைக் காட்டிலும் நீரே பேணப்படுகிறது என்றால் மிகையன்று. கடல்நீர் ஒரு கிலோ எடையில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். இவ்வளவு சற்றே ஏறினாலும் இறங்கினாலும் மீனின் உடல் தாங்காது. கோடைக்காலத்தில் தொட்டி நீர் ஆவியாகும். நீர் போனாலும் உப்பு போகாது. ஆகவே உவர்ப்பு மிகும். அப்போது நன்னீர் சேர்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ ஆறுகள் பெருகிக் கடலில் கலக்கும்; கரையோர நீர் கலங்கி உவர்ப்புக் குன்றும். அந்நாள்களில் கடலிலிருந்து நீரை அப்படியே எடுத்தல் கூடாது. முன்கூட்டியே தேக்கி வைத்த நீரைக்கொண்டு காலம் தள்ள வேண்டும். உழவர் மழையை நோக்கி விதைப்பதுபோல், காட்சிச் சாலைப் பணியாளர் மழையை நோக்கித் தேக்குகின்றனர்.

எடுத்த நீர் முதலில் தெளிவுத் தொட்டியில் அசைவின்றி நிற்கும். வண்டல் அடியில் தங்கும். பின்பு மணல் வடிகட்டியில் ஊறி இறங்கும். அதன்பின் நடப்பதே வியப்பானது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. வடிகட்டியின் மணலிலும் கல்லிலும் குடியேறும் கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள் அந்நஞ்சை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இக்குடியேற்றம் முழுமை பெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குமுன் மீனை விட்டால் அது மாளும். எனவே புதிய காட்சிச் சாலையில் தொட்டிகள் பல நாள் வெறும் நீரோடு நிற்பதைக் கண்டு, பணியாளர் சோம்பியிருப்பதாக எண்ணுதல் தவறு. உலையில் அரிசி இடுமுன் நீர் கொதிக்கக் காத்திருத்தல் போன்றது அது.

கண்ணாடியின் நிலையும் அத்தகையதே. ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் எடை உடையது. ஆழம் மிக மிக அழுத்தம் மிகும். மூன்று மீட்டர் ஆழமுள்ள தொட்டியின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரும் மூன்று டன் சுமையைத் தாங்குகிறது. இதனாலேயே பெருந்தொட்டிகளுக்குத் தடித்த அக்ரிலிக் பலகைகள் வந்தன. உப்புக்காற்று இரும்பை அரிக்கும். செம்புக் குழாய்களோ இறால், பவளம் முதலிய முதுகெலும்பில்லா உயிர்களுக்கு நஞ்சாகும். மீனுக்கு வரும் சில ஒட்டுண்ணி நோய்களுக்கு அதே செம்பு சிறிதளவில் மருந்தாகவும் பயன்படுகிறது. எது மருந்து, எது நஞ்சு என்பதை அளவு முடிவு செய்கிறது.

புதிதாய் வந்த மீன் உடனே காட்சிக்கு வருவதில்லை. தனித் தொட்டியில் பல நாள் வைத்து நோயில்லை என உறுதி செய்த பின்னரே அது பிற மீன்களோடு சேர்க்கப்படும். இரையும் எளிதன்று. கணவாய், சிப்பிச் சதை, சிறு இறால் ஆகியவற்றைக் கழுவி, வெட்டி, ஒவ்வொரு மீனின் வாய்க்கும் குணத்துக்கும் ஏற்ப இடுகின்றனர். மிகுதியாக இடும் இரை அழுகி நீரைக் கெடுக்கும். பாறை இடுக்கில் பதுங்கும் அஞ்சாலைக்குக் கோலின் நுனியில் வைத்து நீட்ட வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் நின்றால் காற்றேற்றும் பொறி நிற்கும். சில மணி நேரத்தில் நீரில் உயிர்வளி குன்றும். வெப்ப நாட்டு நீரில் உயிர்வளி இயல்பாகவே குறைவு. ஆகவே இரவுக் காவலர் கதவைக் காப்பதோடு, நீர்க்குமிழி எழும் ஓசையையும் செவிசாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இனப்பெருக்கக் கூடத்தில் நடப்பது இன்னும் நுண்ணிது. கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கிடையே அஞ்சாது வாழும் கோமாளி மீனை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அம்மீன்கள் பிறக்கும்போது யாவும் ஆணே. கூட்டத்தில் தலைமை பெறுவது பெண்ணாக மாறும். பெண் மீன் கல்லில் முட்டையிட, ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்தபின், குஞ்சுகள் வெளிவரும். அவற்றின் வாய்க்கு ஏற்ற இரை கண்ணுக்கே தெரியாத சக்கர உயிரி. அச்சக்கர உயிரிக்கு இரை நுண்பாசி. எனவே ஒரு மீன்குஞ்சை வளர்க்க விரும்புபவர் முதலில் பாசியை வளர்க்க வேண்டும். இவ்வாறு தொட்டியில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும், பவளப் பாறையை உடைத்துப் பிடிக்கப்படாத ஒரு மீனுக்கு ஈடாகிறது. 2001இல் பவளங்களும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டபின், இம்முயற்சியின் தேவை மேலும் கூடியது.

பிடித்துத் தந்தவர்

தொட்டியில் பிறந்தவை சில. கடலிலிருந்து வந்தவையே பெரும்பாலன. அவற்றை யார் கொணர்ந்தனர்? இங்கேதான் விழிஞம், பூவார், பொழியூர், நீரோடி முதலிய ஊர்களின் மீனவர் நம் கண்முன் வருகின்றனர். மீனைக் கொன்று கொணர்வதைக் காட்டிலும் உயிரோடு கொணர்தல் பன்மடங்கு அரிய தொழில். ஆழத்தில் வாழும் மீனை விரைந்து மேலே இழுத்தால் அதன் உடலிலுள்ள காற்றுப்பை வீங்கி அது துடித்து மடியும். எவ்வளவு மெல்ல ஏற்ற வேண்டும், எத்தூண்டில் வாயைக் கிழிக்காது, எம்மீன் எப்பாரில் எத்திங்களில் தங்கும் என்பனவற்றை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. தந்தை மகனுக்குக் கட்டுமரத்தின் மேலேயே கற்பித்தான்.

கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். கரையிலுள்ள மலைமுடி, தேவாலயக் கோபுரம், தென்னந்தோப்பு ஆகியவற்றுள் இரண்டிரண்டை நேர்கோட்டில் இணைத்து நோக்கி, இரு கோடுகள் சந்திக்கும் இடத்தில் பாரைக் கண்டுபிடிக்கும் கலை அவர்களுக்குக் கைவந்தது. இதனைக் 'கணிச்சம்' என்று வழங்குவர். கண்ணுக்குத் தெரியாத கடலடியைக் கரையை நோக்கியே அளந்த இக்கலை, நிலவியல் வல்லுநர் போற்றும் முக்கோண அளவைக்கு இணையானது. காற்றுக்கும் அவர்களிடம் தனித்தனிப் பெயர் உண்டு: கச்சான், வாடை, கொண்டல், சோழகம். ஒவ்வொரு பெயரும் ஓர் எச்சரிக்கை.

இவ்வறிவுக்கு உரிய மதிப்பை நாம் அளித்தோமா? 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் விழிஞம், பூவார், பொழியூர்ப் பகுதிகளிலிருந்தும், தூத்தூர், நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களிலிருந்தும் சென்றோர் பலர் மீண்டிலர். இரு மாநிலங்களிலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். கடல் ஒன்றாய் இருந்தும், இறந்தோரை எண்ணிய அரசுகள் இரண்டு, பட்டியல்களும் இரண்டு. அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, இதே கடற்கரை மக்களே தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, முன்பின் அறியாதோரைக் காத்தனர்.

அவர்களது கடலும் இன்று மாறி வருகிறது. விழிஞத்தில் 2015 இறுதியில் பன்னாட்டுத் துறைமுகப் பணி தொடங்கிற்று. 2025 மே 2ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இப்பணியால் கரை அரிக்கப்படுவதாகக் கூறி, 2022இல் மீனவர் நான்கு திங்களுக்கு மேல் போராடினர். 2025 மே 25இல், விழிஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எசு.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளில் வெண்மணல்போல் ஒதுங்கின. பெருந்துறைமுகத்தால் நாட்டுக்கு வரும் வணிக வளத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். மீன்காட்சிச் சாலையின் நீர்க்குழாய் கடலில்தான் தொடங்குகிறது. வெளியே உள்ள கடல் கெட்டால், உள்ளே எத்தனை வடிகட்டி வைத்தும் பயனில்லை. இலாயிடு கண்ட மறைவான பெருந்தொட்டி, உண்மையில் இக்கடலே.

பெயர்ப் பலகையில் இல்லாத பெயர்

தொட்டியின் அருகே ஒரு சிறு பலகை இருக்கும். அதில் இலத்தீன் பெயரும் ஆங்கிலப் பெயரும் இருக்கும். அந்தந்த நாட்டு மொழிப்பெயர் இருந்தாலும் இருக்கும். நம் பிள்ளைகள் அதனைப் படித்து மனப்பாடம் செய்கின்றனர். அது நன்றே. ஆயினும் அவ்விலத்தீன் பெயர்களுள் சிலவற்றுக்குள் நம் தமிழ் ஒளிந்திருப்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறித்தோப் சாமுவேல் ஜான் என்னும் சமயப் பணியாளர், அங்குள்ள மீன்களைப் பெர்லினில் இருந்த பிளாக்கு என்னும் அறிஞருக்கு அனுப்பினார். ஒரு கத்தாளை இனத்துக்குப் பிளாக்கு 1793இல் இட்ட பெயர் 'ஜானியசு கருட்டா'. முன்பாதி அனுப்பியவரின் பெயர். பின்பாதி 'கருத்த கத்தாளை' என்று தரங்கம்பாடி மீனவர் சொன்ன சொல். அனுப்பியவர் பெயர் நிலைத்தது; பெயரிட்டவர் பெயர் நிலைத்தது; பிடித்துக் கொடுத்தவனின் பெயர் மட்டும் இல்லை. ஆயினும் அவனது மொழி அங்கே நிற்கிறது.

1875 முதல் 1878 வரை வெளிவந்த தம் இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் பிரான்சிசு டே, தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களை இயன்றவரை குறித்து வைத்தார். வெளிநாட்டார் மதித்துத் தொகுத்த சொற்களை நாமே நழுவவிடுதல் தகுமா? சென்னையில் வஞ்சிரம் எனப்படுவது எல்லைப் பகுதியில் நெய்மீன். அங்கே கானாங்கெளுத்தி, இங்கே அயிலை. அங்கே திருக்கை, இங்கே திரச்சி. பாறசாலைச் சந்தையில் கூடை இறக்கும் மூதாட்டி, மலையாளம் பேசுவோர்க்கு ஒரு சொல்லும், தமிழ் பேசுவோர்க்கு ஒரு சொல்லுமாக, ஒரே மூச்சில் இருமொழி அகராதி ஒன்றைச் சொல்லி முடிப்பார். அவ்வகராதி எந்த நூலகத்திலும் இல்லை. அம்மூதாட்டியின் பேரன் மலையாளப் பள்ளியில் பயின்று, பின்பு வளைகுடா நாட்டுக்கோ வடநாட்டுக்கோ பெயர்ந்து, தன் மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறான். மூன்று தலைமுறையில் நூறு மீன்களின் பெயர் 'மீன்' என்னும் ஒரே பெயராய்ச் சுருங்கிவிடுகிறது.

பெயர் போனால் என்ன குறை என்று கேட்கலாம். ஒரு மீனின் பெயரோடு அது வரும் காலமும், தங்கும் பாரும், பிடிக்கும் வலையும், சமைக்கும் முறையும் பிணைந்துள்ளன. பெயரை இழந்தவன் அவையனைத்தையும் இழக்கிறான். சென்னைக் காட்சிச் சாலையில் கைப்பழக்கம் அழிந்தபோது கட்டடம் வெறுங்கூடாயிற்று என்பதை மேலே கண்டோம். இல்லங்களுக்கும் அந்நிலை வரலாம்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். எல்லைச் சிற்றூர்களிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே பல உள. அவ்வீடுகளிலுள்ள பாட்டியரும் பாட்டன்மாரும் அறிந்த மீன்பெயர்களையும், காற்றின் பெயர்களையும், பார்களின் பெயர்களையும் ஓர் ஏட்டில் எழுதி வைப்போம். இருமொழிச் சொற்களையும் அருகருகே எழுதுவோம். எது தமிழ், எது மலையாளம் என்று வழக்காட வேண்டுவதில்லை. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பிள்ளைகளைக் கண்ணாடித் தொட்டியின் முன் நிறுத்திக் காட்டிய பின், அருகிலுள்ள கடற்கரைக்கும் அழைத்துச் செல்வோம். வலை இழுப்போரிடம், "அண்ணா, இதற்கு என்ன பெயர்?" என்று பிள்ளைகளே கேட்கட்டும். சொல்லும் பெயரை அவர்கள் தம் கையால் எழுதட்டும்.

ஆய் மன்னரின் கோட்டை அழிந்தது. சோழ பாண்டியரின் படைகளும் மறைந்தன. எல்லைக் கற்கள் இடம் மாறின. அவர்கள் அனைவருக்கும் முன்னரும் பின்னரும், விடியற்காலையில் அதே விழிஞத்துக் கடலில் வள்ளம் இறக்கியவர் இறக்கிக்கொண்டே இருக்கின்றனர். மீன்காட்சிச் சாலையின் கண்ணாடிக்கு இப்பால் நிற்பவர் நாம். அப்பால் நிற்பவர் அவர்கள். இடையே உள்ள நீர் தெளிவாய் இருக்கும்வரையே ஒருவரையொருவர் காண இயலும். அந்நீரைக் காத்தல் இருவர்க்கும் பொதுக் கடன்.